எந்த ராகம் என்பதைவிட எந்த வேகம்?
வாசகர் கேள்வி – பதில்: இசை, யோகம், தியானம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்தவை. யோகா பயிற்சி, இசை, மருத்துவம் என மூன்று துறையிலும் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். உடல்நிலை பற்றிய கேள்விகள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கமும் சரியில்லை. ஆனந்தபைரவி கேட்டால் பிரஷர் இறங்கும், நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்து பார்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு ராகத்துக்கு வருகிறோம்.

நீலாம்பரியைத் தாலாட்டுக்கு உகந்த ராகம் என்று சொல்வது நம் மரபு. தேவாரப் பண்களுக்குக்கூடப் பகல், இரவு என்று வேளை பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடிப் பாடிக் கண்ட அனுபவம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த நோய்க்கு இந்த ராகம் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதப்படும் பட்டியல்களுக்கு நம்பும்படியான சோதனை எதுவும் பின்னால் இல்லை. அதே நீலாம்பரியைச் சத்தமாக, துரித காலத்தில், மிருதங்கம் அதிர அதிரக் கேட்டால் தூக்கம் ஓடித்தான் போகும்.

உடம்பு கவனிப்பது வேறு சில விஷயங்களை. பாட்டின் வேகம், சத்தத்தின் அளவு, நடுவில் திடீரென்று எகிறுகிறதா என்பது, கேட்டுப் பழகிய குரலா என்பது. தூக்கத்துக்கு இசையைத் தேர்ந்தெடுக்கும்போது கையால் தாளம் தட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 60 முதல் 80 தட்டு வரை விழுந்தால் சரி. தாளமே இல்லாத ஆலாபனை இன்னும் நல்லது. வீணை அல்லது புல்லாங்குழல் தனியாக இருந்தால், பாட்டின் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மனம் கூடவே போகாது. கச்சேரி முழுவதையும் ஓடவிடாதீர்கள். மிருதங்கம் மட்டும் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் விழிப்பு வந்துவிடும். யூடியூபில் போட்டால் நடுவில் பல்பொடி விளம்பரம் கத்தும். பதிவிறக்கி வைத்துக்கொண்டு போடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், படுக்கப் போகும் சமயத்தில் 30 முதல் 45 நிமிடம். போன் தலையணைக்குப் பக்கத்தில் வேண்டாம், நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். தானாக நிற்கும்படி டைமர் வையுங்கள். முதல் இரண்டு நாளில் பலன் தெரியாவிட்டால் விட்டுவிடுகிறார்கள், தவறு அங்கேதான். மூன்று வாரமாவது பார்க்க வேண்டும். தூக்கமின்மைக்கு இசை கேட்பது பற்றிய சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2022-இல் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் தினம் 25 முதல் 60 நிமிடம் வரை கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடத் தூக்கம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். எந்த இசை என்பது சோதனைக்குச் சோதனை மாறியது.

பிரஷர் விஷயம்: பாட்டு கேட்டு முடித்த உடனே அளந்தால் சில புள்ளிகள் குறைந்திருக்கும். அது அந்த நேரத்து இறக்கம். காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். ஏழு நாள் சராசரி குறைந்துகொண்டே வந்தால் அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

கேள்வி: திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. திருமந்திரத்தில் சொன்னபடி 16 மாத்திரை நேரம் உள்ளே இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை வெளியே விட்டுப் பழகினேன். நாலாவது சுற்றிலேயே தலை சுற்றி, நெஞ்சு படபடத்துவிட்டது. எங்கே தப்பு செய்தேன்? வயது 41.
– வாசகர், ஆடுதுறை

பதில்: கணக்கு சரிதான், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது ஏறி முடிக்கும் படி. நீங்கள் அதை முதல் படியாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரு மாத்திரையை ஒரு வினாடி என்று வைத்தால்கூட ஒரு மூச்சுக்கு 112 வினாடி ஆகிறது. சாதாரணமாக நாம் அந்த நேரத்தில் இருபத்தைந்து, முப்பது மூச்சு விடுகிறோம்.

நடந்தது இதுவாக இருக்கும். மூச்சை அடக்க அடக்க ரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளை 'மூச்சு விடு' என்று நெருக்கும், நெஞ்சு படபடக்கும். அடக்கியதை விட்டதும், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் நாலைந்து பெருமூச்சு வாங்கியிருப்பீர்கள். அப்போது அதே கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அது இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். பிராணாயாமத்தில் தலைசுற்றல் என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இனி இப்படிச் செய்யுங்கள். சம்மணம் போட்டோ நாற்காலியிலோ, முதுகு நேராக உட்காருங்கள். மனதுக்குள் 4 எண்ணும்வரை மூக்கால் உள்ளே, 6 எண்ணும்வரை மூக்கால் வெளியே. அடக்குவது கிடையாது. எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு வினாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும் வேலை இந்த வேகத்தில்தான் பலருக்கு நன்றாக நடக்கிறது. நெஞ்சை நிரப்பி இழுக்காதீர்கள், முக்கால் பங்கு போதும். வயிறு எழும்பட்டும், தோள் எழும்பக் கூடாது. தோள் எழும்பினால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று பொருள்.

முதல் இரண்டு வாரம் 5 நிமிடம், பிறகு 10 நிமிடம். அது சிரமமில்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு நாடிசுத்தி: வலது கட்டைவிரலால் வலது மூக்கையும் மோதிரவிரலால் இடது மூக்கையும் மாற்றி மாற்றி மூடுவது. ஒரு பக்க மூக்கு அடைத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கின் உட்புறம் பக்கம் மாறி மாறி வீங்கி வடிவது இயற்கை. அடைத்த பக்கத்தில் முரட்டுத்தனமாக இழுக்காமல் அன்றைக்கு இரு மூக்காலும் செய்துவிடுங்கள்.

கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, வேண்டுமென்றால் எதிரில் ஆசிரியர் இருக்க வேண்டும். பிரஷர், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: தினமும் 500 கபாலபாதி செய்தால் தொப்பை கரையுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கரையாது. வயிற்றைத் தட்டித் தட்டி மூச்சை வெளியே தள்ளுவதுதான் கபாலபாதி. வயிற்றுத் தசை வலுவாகும், கொழுப்பு சாப்பாட்டில்தான் குறைய வேண்டும். ஒரு சுற்றுக்கு 30 தட்டு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று சுற்று என்பது தாராளம். குடலிறக்கம், பிரஷர், கண் அழுத்தம், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் நடவு வேலைக்குப் போகிறவள். நாலு நாள் நட்டால் ஐந்தாம் நாள் இடுப்பு நிமிராது. மகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பாதஹஸ்தாசனத்தைச் செய்யச் சொல்கிறாள். செய்தால் வலி கூடுகிறது.
– வாசகி, மன்னார்குடி

பதில்: மகள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள், ஆனால் குனிந்து கால்தொடும் ஆசனம் உங்களுக்கு இப்போது எதிரி. மணிக்கணக்கில் குனிந்து நிற்கும்போது முதுகுத் தண்டின் பின்பக்க நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு தளர்கின்றன. வரப்பேறிய பிறகும் அவை உடனே பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை. அந்த நேரத்தில் மறுபடி குனிந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வுக்கு இன்னும் சுமை. உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்துக்கும் இதே கதை.

உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. வயலிலேயே ஆரம்பியுங்கள். நேராக நின்று, இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, முழங்காலை மடக்காமல் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து திரும்ப வேண்டும். ஐந்து முறை. அரை மணிக்கு ஒருமுறை செய்தால் போதும். கையில் கடிகாரம் இருக்காது, சேற்றில் போனும் எடுக்க முடியாது. கூட்டமாகப் பாடி நடுகிறீர்கள் என்றால் பாட்டையே மணியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததை எடுக்குமுன் எல்லாரும் ஒருசேர நிமிர்ந்து சாய்வது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒருத்தி நிமிர்ந்தால் மேஸ்திரி முறைப்பார், எல்லாரும் நிமிர்ந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து குளித்தபின் பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், அதுதான் மகராசனம். அப்புறம் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள், அரை நிமிடம், மூன்று முறை. புஜங்காசனத்தின் எளிய வடிவம் இது. கையை முழுதாக நீட்டித் தூக்கும் முழு வடிவத்தை வலி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசியாகச் சலபாசனம், ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும்: முழங்கால் மடங்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி மூன்று மூச்சு நிறுத்துங்கள். பக்கத்துக்கு ஐந்து.

இன்னொன்று. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புச் சவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் அதிகம். கோலம் போடுவதையும் குடம் தூக்குவதையும் எழுந்த கையோடு செய்யாமல் சற்றுத் தள்ளிப்போடுங்கள். வயல் வரை நடந்தே போக முடிந்தால் அது நல்லதுதான். வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ பாதம் தூக்க வராமல் போனாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் போவது தெரியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். யோக சித்தியா, சோம்பலா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தூக்கக் கடன். அரை மணி முன்னதாகப் படுங்கள். சுவரில் சாயாமல், கண்ணைப் பாதி திறந்து, ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ணுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் உட்காராதீர்கள். போதுமான நேரம் தூங்கியும் இப்படி என்றால், குறட்டையும் இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன், வயது 63. சங்கீதம் கற்றதில்லை. மூச்சுக்கும் மனசுக்கும் நல்லது என்று பாட ஆசை. எந்தச் சுருதி வைத்துக்கொள்வது, என்ன பாடுவது?
– வாசகர், திருவையாறு

பதில்: பாடுவதில் தனியாக ஒரு பிராணாயாமம் ஒளிந்திருக்கிறது. சட்டென்று இழுத்து, வெகுநேரம் விடுகிறோம். வெளிமூச்சு நீளும்போது இதயம் நிதானப்படுகிறது. எண்ணிக்கை எண்ணி அலுத்துப்போகிறவர்களுக்கு இது சுலபமான வழி.

சுருதிதான் முதல் வேலை. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள், பிடித்த பாடகரின் சுருதியை வைத்துக்கொண்டு தொண்டை கட்டிக்கொள்கிறார்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் அமையும், பெண்களுக்கு 5 கட்டையை ஒட்டி. உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க, மெல்ல 'ஆ' என்று இழுத்துக்கொண்டே கீழே இறங்குங்கள். சிரமமில்லாமல், கரகரக்காமல் நிற்கும் கடைசிச் சுரத்தை மந்திர பஞ்சமம் (கீழ் 'ப') என்று வைத்து, அங்கிருந்து ப, த, நி, ஸ என்று ஏறினால் வருவது உங்கள் ஷட்ஜம். மேல் ஷட்ஜமும் அதற்கு மேலே காந்தாரமும் ('க') கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். வீட்டில் மனைவியும் கூடப் பாடுவதாக இருந்தால் ஒரே சுருதியில் இருவரையும் கட்டிப்போடாதீர்கள், நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெந்நீர் குடித்துவிட்டு, சுருதிப் பெட்டியையோ போனில் தம்புரா செயலியையோ போட்டு, இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் கேளுங்கள். இதைத் தாண்டிக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு சுருதி சேரவில்லை என்று வருந்துகிறார்கள். பிறகு ஷட்ஜத்தை 'ஆ' என்று ஐந்து முறை பிடித்து நிறுத்துங்கள். 10 முதல் 15 வினாடி போதும், நீளத்துக்குப் போட்டி வேண்டாம், குரல் ஆடாமல் நிற்க வேண்டும். அடுத்து மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் முதலாவது, மெதுவான முதல் காலத்தில் மட்டும். மொத்தம் 15 நிமிடம். தாடையில் இறுக்கம் தெரிந்தால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், புகைப்பழக்கம் இருந்தால் கட்டாயம்.

நீங்கள் இருக்கும் ஊருக்கு இன்னொரு வசதி உண்டு. தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியில் அவர் சமாதியில் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது போய் உட்காருங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த ஐந்தும் ஆதி தாளம். சாகித்தியம் தெரியாவிட்டாலும் தாளம் போட்டுக்கொண்டு மெல்லக் கூடவே முனகலாம். கூட்டாகப் பாடுகிறவர்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். அப்போது அவர்களுடைய இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் அளந்து காட்டினார்கள்.

கேள்வி: தவில் வாசிக்கிறேன். முகூர்த்த நாளுக்கு மறுநாள் காதில் 'கீ' என்று சத்தம். தியானம் செய்தால் போகுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: சத்தம் போகாது. அதைப் பற்றிய எரிச்சலும் தூக்கக் கெடுதலும் குறையும், அதுவும் பெரிய உதவிதான். ஆனால் முதலில் செய்ய வேண்டியது காதைக் காப்பது. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்க 80 டெசிபல் பாதுகாப்பான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 92 டெசிபல் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணிதான். தவிலும் நாகசுரமும் சேர்ந்த மண்டபத்தில் அதைத் தாண்டிப் போவது சாதாரணம்.

பஞ்சு வைப்பதில் பிரயோசனம் மிகக் குறைவு. இசைக் கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும், நாதம் கெடாது. ஸ்பீக்கர் பெட்டி உங்கள் காதுக்கு நேராக இருக்க வேண்டாம் என்று மைக் செட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லுங்கள். இரைச்சல் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் செவித்திறன் சோதனை எடுங்கள். கல்யாணத்துக்குக் குழந்தையோடு வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: மேளத்துக்கு முன்வரிசை வேண்டாம்.

கேள்வி: அறுவடைத் தூசியில் மூக்கடைப்பு. மூக்கை உப்புநீரால் கழுவும் ஜலநேதி செய்யச் சொல்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் சுத்தம்தானே, அதிலேயே செய்யலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: கூடவே கூடாது. ஆறு, வாய்க்கால், குளம், கிணறு, குழாய் எதுவானாலும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் ஒருவகை அமீபா இருக்கலாம். அந்த நீரைக் குடித்தால் அமீபாவால் ஒன்றும் ஆகாது, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். அரிதான நோய், ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வம். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும்கூட விதிவிலக்கு இல்லை.

அரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடிவைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, அதாவது சுமார் நாலரை கிராம். உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். நேதிச் செம்பையும் கொதித்த நீரில் கழுவிக் காயவையுங்கள். தொட்டிமீது குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் மூக்கில் ஊற்றினால் கீழ் மூக்கில் வரும். பாதி பாதியாக இரு பக்கமும். முடித்ததும் ஒரு மூக்கைப் பொத்திச் சிந்தாதீர்கள், நீர் காதுக்குள் ஏறிவிடும். இரண்டையும் திறந்துவைத்து மெல்ல ஊதுங்கள். வாரம் இரண்டு, மூன்று முறை போதும். காது வலியோ மூக்கில் ரத்தமோ இருக்கும் நாளில் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடக்கும்போது வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். பழைய பாட்டுப் போட்டால் நன்றாக நடக்கிறார். உண்மையா, எங்கள் பிரமையா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உண்மை. நடையின் தாளத்தை உள்ளிருந்து போட்டுக்கொடுக்கும் மூளைப் பகுதி இந்த நோயில் மந்தமாகிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிசியோதெரபியில் இதை முறையாகவே பயன்படுத்துகிறார்கள்.

சமதளத்தில் அப்பா ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 80 என்று வைத்துக்கொண்டால், போனில் தாளச் செயலியை 80 தட்டுக்கு வைத்து ஒரு வாரம், தினம் 10 நிமிடம். பழகினால் 84, அதன்பின் 88. அதற்கு மேல் நீங்களாக ஏற்ற வேண்டாம், வேகம் மிஞ்சினால் முன்னால் விழுவார். பாட்டாக வேண்டுமென்றால் தட்டு தெளிவாக விழும் பாட்டு. விருத்தம் உதவாது, அதில் தாளம் இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், அதாவது சாப்பிட்டு ஏறத்தாழ ஒரு மணி கழித்து நடக்க வையுங்கள்.

வாசற்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 'நிற்போம்ப்பா' என்று சொல்லி, உடம்பை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல அசைத்து, 'த-க-தி-மி' இரண்டு முறை சொல்லி, அடுத்த 'த'வில் கால் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து திரும்ப வேண்டும். கோயில் வெளிப்பிரகாரம் நல்ல இடம், காலை வெயில் ஏறுமுன். அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்திய கல் பக்கம் போக வேண்டாம். காதில் இயர்போன் வேண்டாம், உங்கள் குரல் அவருக்குக் கேட்க வேண்டும்.

கேள்வி: கைபேசிச் செயலி ஒன்றைப் பார்த்து தினம் 40 நிமிடம் தியானம் செய்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து காரணமில்லாமல் அழுகை, பயம், இரவில் திடுக்கிடுதல். 'கர்மா கரைகிறது, தொடர்ந்து செய்' என்கிறார்கள். வயது 24.
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தொடராதீர்கள். தியானத்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, உங்கள் குறை இல்லை. அமைதியாகக் கண்ணை மூடியதும், அதுவரை வேலையிலும் பேச்சிலும் ஒதுங்கியிருந்த நினைவுகளும் பயங்களும் மேலே வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 40 நிமிடம் மிக அதிகம். ஆசிரியர் கூட இருந்திருந்தால் 10 நிமிடத்தில் நிறுத்தியிருப்பார், செயலிக்கு உங்கள் முகம் தெரியாது.

கண் மூடிச் செய்யும் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மனம் உள்ளே சுழலும்போது உடம்பைக் கொண்டு வெளியே வர வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு கடற்கரையிலோ தெருவிலோ 20 நிமிடம் நடந்து, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். நின்று செய்யும் தாடாசனம், விருட்சாசனம் போன்றவற்றைச் செய்யலாம். படுத்துக் கண்மூடிச் செய்யும் சவாசனம் வேண்டாம். பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள், கூட யாராவது இருந்தால் இன்னும் நல்லது. காப்பியைக் குறையுங்கள், தனியாகப் படுக்க வேண்டாம்.

இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரும் பேசாத குரல் கேட்டாலோ, நாள் கணக்கில் தூக்கமே வராவிட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய், இருமுனை மனநோய் யாருக்காவது இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.